சுவர் விழுமுன் எழுதிவிடுவோம், வாருங்கள்!

கோலார் தங்கவயல் தோழர்களே! சுரங்கத்தில் உழைத்தவர்களின் பிள்ளைகளே, பேரப்பிள்ளைகளே! விடியுமுன் ரயிலேறி பெங்களூருக்கு வேலைக்குப் போய் இருட்டிய பின் வீடு திரும்பும் தம்பிகளே, தங்கைகளே! வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் சித்தூரிலிருந்தும் பாட்டன், பூட்டன் காலத்தில் இங்கே வந்து, இன்று எங்கெங்கோ சிதறி வாழும் உறவுகளே! உங்கள் எல்லோரையும் அவசரமாக அழைக்கிறோம்.

2001 பிப்ரவரி 28 அன்று பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்பட்டது. அன்று பூட்டிய வைண்டர் வீடுகள், ஆலைகள், ஆபீசுகள், கிடங்குகள் பலவற்றை அதன்பின் யாரும் பராமரிக்கவில்லை. முதலில் கூரைத் தகடு போனது. பிறகு கதவு, ஜன்னல். பிறகு கழற்ற முடிந்த இரும்பெல்லாம் போனது. மிஞ்சியிருப்பது சுவர். அதுவும் மழைக்கு மழை சரிகிறது.

சுவரைவிட வேகமாக நம் கையைவிட்டுப் போவது வேறொன்று. சுரங்கம் மூடிய நாளில் முப்பது வயதில் இருந்தவர் இன்று ஐம்பத்தைந்தை நெருங்குகிறார் அல்லது தாண்டிவிட்டார். ஐம்பதில் இருந்தவர் எழுபத்தைந்தில் நிற்கிறார். எந்த அறையில் என்ன நடந்தது, எந்தச் சக்கரம் எதை இழுத்தது, எந்த மணி எத்தனை முறை அடித்தால் என்ன பொருள் என்பதெல்லாம் அவர்கள் தலைக்குள் இருக்கிறது. ஒவ்வொரு மாதமும் நம் தொழிலாளர் குடியிருப்பு லைன்களில் ஒரு சாவு விழுகிறது. ஒவ்வொரு சாவோடும் ஒரு கட்டடத்தின் விளக்கம் புதைக்கப்படுகிறது.

இதற்கு நடுவே அரசின் கோப்புகள் நகர ஆரம்பித்திருக்கின்றன. தங்கம் பிரித்தபின் இங்கே கொட்டப்பட்ட 13 சயனைடு மண்மேடுகளில், ஏறத்தாழ 1,003 ஏக்கர் பரப்பில், மறுபடி தங்கம் எடுக்கும் மத்திய அரசின் திட்டத்துக்குக் கர்நாடக அமைச்சரவை 2024 ஜூனில் இசைவு தந்தது. மேட்டை அள்ள இயந்திரம் வேண்டும். இயந்திரத்துக்குப் பாதை வேண்டும். பாதைக்குக் குறுக்கே பழைய சுவர் நின்றால் அது நிற்காது. எந்தச் சுவர் நிற்கலாம், எது போகலாம் என்று முடிவெடுக்கும் மேசையில், அந்தச் சுவர் என்னவாக இருந்தது என்று சொல்லும் தாள் ஒன்றாவது இருக்க வேண்டாமா?

நாங்கள் கேட்பது ஒன்றுதான், தோழர்களே. கைவிடப்பட்ட ஒவ்வொரு சுரங்கக் கட்டடத்தின் முன்னும் போய் நிற்போம். அது எதற்குக் கட்டப்பட்டது, அதில் யார் என்ன வேலை செய்தார்கள் என்பதை, அங்கே வேலை செய்தவரின் வாயால் கேட்டு எழுதுவோம். இப்போதே தொடங்குவோம்.

எழுத என்ன இருக்கிறது என்று கேட்கிறீர்களா? மாரிகுப்பம் ஸ்டேஷனில் இறங்குங்கள். 1894-ல் பவுரிங்பேட்டையிலிருந்து, அதாவது இன்றைய பங்காருப்பேட்டையிலிருந்து, சுரங்கத்துக்காகவே போடப்பட்ட ரயில்பாதை அங்கேதான் முடிகிறது. அங்கிருந்து சாம்பியன் ரீஃப், உரிகம், கோரமண்டல் என்று நடந்தால் வழிநெடுக ஒரு தொழிலின் மொத்த உடலும் பிரிந்து கிடக்கிறது. நமக்கு அதைப் படிக்கத் தெரிய வேண்டும்.

சுரங்கத்துக்குள் இறங்கும் குழியான ஷாஃப்ட்டின் மேல் நிற்கும் இரும்புக் கோபுரத்தைப் பாருங்கள். அதன் உச்சியில் இருக்கும் சக்கரத்திலிருந்து கம்பிவடம் சாய்வாக இறங்கிய திசையில் திரும்பினால், உயரமான சுவரும் அகலமான திறப்பும் கொண்ட ஒரு கட்டடம் தெரியும். அது கேஜ் என்ற கூண்டை ஏற்றி இறக்கிய இயந்திரம் இருந்த வைண்டர் வீடு. சாம்பியன் ரீஃபில் உள்ள கிஃபர்ட் ஷாஃப்ட் 6,000 அடிக்கு மேல் நேர்க்குத்தாக இறங்குவது. அந்த ஆழத்துக்கு ஆட்களை இறக்கியவர், ஏற்றியவர், தன் முன்னால் இருந்த காட்டி முள்ளையும் காதில் விழுந்த மணியையும் மட்டுமே நம்பி வேலை செய்தார். கேஜில் நின்றவர்களின் உயிர் முழுவதும் அவர் கைப்பிடியில் இருந்தது. இன்று அந்த அறைக்குள் புகைப்படம் எடுக்கப் போகிறவருக்குத் தெரிவது, துருப்பிடித்த ஒரு பெரிய உருளையும் உடைந்த தரையும்தான். வைண்டர் டிரைவரின் நாற்காலி எங்கே போடப்பட்டிருந்தது, அவர் எந்தப் பக்கம் பார்த்து உட்கார்ந்தார், ஷிப்ட் மாறும்போது கையை எப்போது எடுத்தார் என்று சொல்லக்கூடியவர் நம் லைனில் இரண்டு வீடு தள்ளி இருக்கிறார். அவரிடம் கேட்டீர்களா?

அடுத்து ஆலைக்கு வாருங்கள். வரிசை வரிசையாக, தடித்த ஆணிகள் நீட்டிக்கொண்டிருக்கும் காங்கிரீட் மேடைகள் தெரியும். கல்லை இடித்து மாவாக்கிய ஸ்டாம்ப் மில்லின் அடித்தளம் அது. இரவும் பகலும் நிற்காமல் இடித்த அந்தச் சத்தம் நின்றால்தான் ஊர் திடுக்கிட்டு விழிக்கும் என்று நம் பாட்டிமார் சொல்வார்கள். இடித்த மாவு நீரோடு கலந்து சரிவில் ஓடியது. பாதரசம் பூசிய செம்புத் தகட்டில் தங்கம் ஒட்டியது. ஒட்டாமல் போனதை மீட்க 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் சயனைடு முறை வந்தது. சற்றுக் கீழே வட்டவட்டமாகத் தெரியும் அடித்தளங்கள் சயனைடு கரைசல் நின்ற தொட்டிகளின் தடம். கரைசலில் இறங்கிய தங்கத்தைத் துத்தநாகத்தால் பிரித்து எடுத்தார்கள். மிச்சம் வெளியே கொட்டப்பட்டது. கொட்டக் கொட்ட மலையானது. கோடைக்காற்றில் நம் வீட்டுச் சோற்றிலும் குழந்தையின் கண்ணிலும் விழும் வெள்ளைத் தூசி அந்த மலையிலிருந்து வருகிறது. ஆகவே ஆலையின் அடித்தளத்தையும் அந்த மேட்டையும் ஒரே தாளில் எழுத வேண்டும். இரண்டும் ஒரே வேலையின் இரு முனைகள்.

ஊரைவிட்டுத் தள்ளி, தடித்த சுவரோடு தனியே நிற்கும் சிறு கட்டடம் வெடிமருந்துக் கிடங்காக இருக்கலாம். வெடித்தால் பக்கத்து உயிர் போகக்கூடாது என்பதால்தான் அவ்வளவு தூரம். நீண்ட வராந்தாவும் சிறு சிறு ஜன்னல் துளைகளும் உள்ளது டைம் ஆபீஸ். ஷிப்டுக்கு முன் அங்கேதான் பெயர் பதிந்தது. வேலை முடிந்து வெளியே வந்தவரைத் தங்கத் துகளுக்காகச் சோதனை போட்ட இடங்களும் பக்கத்திலேயே இருந்தன. உடுத்திய துணியை அவிழ்த்துக் காட்டி வீட்டுக்குப் போன மனிதர்களின் மானம் அந்த வாசலில் நின்றது. அந்த வாசலையும் நாம் அடையாளம் காட்டி எழுத வேண்டும். டைம் ஆபீசின் பதிவேடு வெறும் வருகைக் கணக்கும் அல்ல. தொழிலாளியைக் கைரேகை வைத்துப் பதிய நிர்வாகம் முனைந்தபோது, 1930-ல் தங்கவயலே வேலையை நிறுத்தியது. எங்களைக் குற்றவாளிபோல் பதியாதே என்று எழுந்த குரல் அது. அந்தப் பதிவு எந்தக் கட்டடத்தில் நடந்தது, கூட்டம் எங்கே திரண்டது என்று சொல்லும் பலகை ஒன்று இந்த ஊரில் எங்கே இருக்கிறது?

மருத்துவமனைக்குப் போங்கள். எக்ஸ்-ரே எடுத்த அறை எது என்று கேளுங்கள். பாறைத்தூசி நுரையீரலில் படிந்து இறுகும் சிலிக்கோசிஸ் நோய், இந்தியாவில் முதன்முதலில் 1934-ல் பதிவானது இந்த வயலில்தான். 1940-க்கும் 1946-க்கும் இடையில் இங்கே 7,653 தொழிலாளர்களைச் சோதித்தபோது, நூற்றுக்கு நாற்பதுக்கு மேற்பட்டவர்களுக்கு அந்நோய் இருந்தது. இருமி இருமி மெலிந்து போன நம் தாத்தாக்கள் அந்த எண்ணிக்கைக்குள் இருக்கிறார்கள். எந்த வாசல் வழியே போனார்கள், எந்தப் பெஞ்சில் காத்திருந்தார்கள், வேலைக்குத் தகுதி இல்லை என்ற சீட்டை எந்த மேசையில் வாங்கினார்கள் என்பதும் வரலாறுதான்.

இதே ஊரின் இருட்டுக்குள் உலக அறிவியலும் நடந்தது. 1965-ல் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில், தரைக்குக் கீழே 2.3 கிலோமீட்டர் ஆழத்தில், வளிமண்டலத்தில் பிறக்கும் நியூட்ரினோ துகளின் தடத்தை டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் விஞ்ஞானிகள் ஜப்பான், இங்கிலாந்து விஞ்ஞானிகளோடு சேர்ந்து கண்டார்கள். உலகில் அத்தகைய முதல் பதிவுகளில் ஒன்று அது. அந்தக் கருவிகள் இறங்கியதும் இதே சுரங்கத்தின் கேஜில்தான். இறக்கி வைத்த கைகள் யாருடையவை? மேலே கருவிகளை அடுக்கி வைத்த கொட்டகை எது? அறிவியல் நூல்களில் விஞ்ஞானிகளின் பெயர்கள் இருக்கின்றன, மகிழ்ச்சி. அந்தக் கைகளுக்கு உரியவர்களைத் தேடிச் சேர்க்கும் பொறுப்பு நம்முடையது.

காவிரியின் சிவனசமுத்திரத்தில் பிறந்த மின்சாரம் 147 கிலோமீட்டர் கம்பியில் ஓடி 1902-ல் தங்கவயலுக்கு வந்தது. பெங்களூருக்கு மின்சாரம் கிடைத்தது அதற்கு மூன்று ஆண்டுகள் கழித்துத்தான். அன்றைக்கு உலகின் மிக நீண்ட மின்பாதைகளில் ஒன்றாக இருந்த அந்தக் கம்பி வந்து இறங்கிய நிலையம் இந்த ஊரில்தான் இருந்தது. பாலாற்று நீரைத் தேக்கிய பேத்தமங்கலம் ஏரியிலிருந்து குழாய் போட்டுத் தண்ணீர் வந்தது. எந்தப் பங்களாவில் விளக்கு முதலில் எரிந்தது, எந்த லைனுக்கு அது கடைசியில் வந்தது, தெருக்குழாயில் எத்தனை குடும்பம் வரிசை நின்றது என்று கேட்டு எழுதினால், ஒரே ஊருக்குள் இருந்த இரண்டு ஊர்களும் வெளிவரும். ஒரு பக்கம் கிளப், கால்ஃப் மைதானம், தோட்டம் சூழ்ந்த மேனேஜர் பங்களா. மறுபக்கம் மூங்கில் தட்டியும் தகரமும் சேர்த்துக் கட்டிய ஒற்றை அறை. குட்டி இங்கிலாந்து என்று இன்றும் பெருமையாகச் சொல்கிறார்கள். அந்தக் குட்டி இங்கிலாந்தைத் தோளில் தாங்கியது தட்டி வீடு. பங்களாவைப் படம் எடுக்கிறவர்கள் தட்டி வீட்டின் அடித்தளத்தையும் அளந்து எழுத வேண்டும்.

இன்னொரு வகைக் கட்டடங்களை மறந்துவிடாதீர்கள். அவை நிர்வாகம் கட்டியவை அல்ல, நாமே கட்டியவை. அயோத்திதாச பண்டிதரின் சாக்கைய பௌத்த சங்கம் மாரிகுப்பத்தில் கிளை விட்டது. சுரங்கத்திலிருந்து ஏறி வந்த தொழிலாளி அங்கே உட்கார்ந்து பண்டிதரின் தமிழன் இதழைப் படிக்கக் கேட்டார். பண்டிதருக்குப் பிறகு அந்த இதழைக் கோலார் ஜி. அப்பாதுரையார் 1920-களில் தங்கவயலிலிருந்தே மறுபடி நடத்தினார். பண்டிதரின் நூல்களை அச்சிட்டுப் பரப்பிய சித்தார்த்தா புத்தகசாலையும் இந்த ஊரில்தான் இருந்தது. நாள் முழுக்கக் கல் உடைத்தவர்கள் இரவில் நூல் அச்சிட்டார்கள் என்றால், தமிழ்நாட்டின் எந்த நகரத்துக்கும் குறையாத அறிவுத் தலைநகரம் இது. அந்த அச்சகம் இருந்த வீடு எது, சங்கக் கூடம் எது, இரவுப் பள்ளி நடந்த திண்ணை எது? 1946 நவம்பரில் போலீசின் குண்டுக்குப் பலியான ஆறு தோழர்களின் உடல் கிடந்த வீதி எது? தெரிந்தவர்கள் இன்னும் சிலர் மிச்சம் இருக்கிறார்கள்.

கிஃபர்ட், எட்கர், ஓக்லி, ஹென்றி, டென்னன்ட், மெக்டாகார்ட். இவை ஷாஃப்ட்டுகளின் பெயர்கள். ராபர்ட்சன், ஆண்டர்சன். இவை நாம் வாழும் பேட்டைகளின் பெயர்கள். இந்தப் பட்டியலில் பாறை உடைத்தவரின் பெயர் எது? பழைய பெயரை அழிக்கச் சொல்லவில்லை. அந்தப் பெயருக்கு அடியில் நம்முடைய பெயர்களையும் எழுதச் சொல்கிறோம். ஒரு காலத்தில் முப்பதாயிரம் பேர் வேலை செய்த வயல் இது. 120 ஆண்டுகளில் 800 டன்னுக்கு மேல் தங்கம் மேலே வந்தது. அதைக் கொண்டுவந்தவர்களில் பெரும்பாலோர் பறையர் சேரிகளிலிருந்து, பண்ணையாரின் அடிமைத்தனத்தையும் பஞ்சத்தையும் உதறிவிட்டு நடந்து வந்தவர்கள். அவர்களுடைய பெயர்கள் கூலிப் பட்டியலில் இருந்தன. கூலிப் பட்டியல்கள் கரையானுக்குப் போய்க்கொண்டிருக்கின்றன.

நம் ஊரைத் தேடி வெளியாட்கள் வரத்தான் செய்கிறார்கள். கேமராவோடு வந்து பேய் நகரம் என்று தலைப்பிட்டுப் போகிறார்கள். சயனைடு மேட்டில் சினிமா எடுத்தார்கள். அந்தப் படத்தால் கே.ஜி.எஃப். என்ற நம் ஊரின் மூன்றெழுத்து உலகெங்கும் பரவியது. ஆனால் அந்த மூன்றெழுத்தைச் சொல்பவர்களுக்கு நம் கதை தெரியாது. பேய் நகரம் என்று எழுதுகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும்: இங்கே பேய் இல்லை, மனிதர்கள் இருக்கிறார்கள். இடிந்த சுவருக்கு எதிர் வீட்டிலேயே, அந்தச் சுவருக்குள் முப்பது வருடம் வேலை செய்தவர் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருக்கிறார். நாம் பேசாமல் இருப்பதால்தான் அவர் இருப்பது யாருக்கும் தெரியவில்லை.

மற்ற நாட்டுத் தொழிலாளர்கள் என்ன செய்தார்கள் என்று பாருங்கள். ஜெர்மனியின் எஸ்ஸன் நகரில் சோல்ஃபெரைன் நிலக்கரிச் சுரங்கம் 1986-ல் மூடப்பட்டது. இடித்துத் தள்ளாமல் காத்தார்கள். 2001-ல் அது யுனெஸ்கோவின் உலக மரபிடம் ஆனது. தோழர்களே, 2001! நம் சுரங்கத்தைப் பூட்டிய அதே ஆண்டு. இங்கிலாந்தின் கார்ன்வால் சுரங்கக்காரர்களும் அவர்களுடைய தொழில்நுட்பமும்தான் 1880-களில் ஜான் டெய்லர் கம்பெனியோடு தங்கவயலுக்கு வந்தன. அந்தக் கார்ன்வாலின் பாழடைந்த என்ஜின் வீடுகள் 2006-ல் உலக மரபிடம் ஆயின. அதே கையால் பிறந்த நம் கட்டடங்கள் இங்கே பழைய இரும்பு விலைக்குப் போயின.

ஆனால் கட்டடத்தைக் காத்தால் மட்டும் போதாது என்பதற்கும் ஒரு சான்று உண்டு. ஜப்பானின் ஹஷிமா தீவில் கடலுக்கடியில் நிலக்கரி எடுத்த சுரங்கம் 1974-ல் மூடப்பட்டது. 2015-ல் அது உலக மரபிடப் பட்டியலில் சேர்ந்தது. போர்க்காலத்தில் அங்கே கட்டாயப்படுத்தி வேலை வாங்கப்பட்ட கொரியர்களின் கதையை ஜப்பான் போதுமான அளவு சொல்லவில்லை என்று யுனெஸ்கோவின் மரபிடக் குழு 2021-ல் கடுமையாக வருந்தியது. சுவர் காப்பாற்றப்பட்டது, உழைத்தவன் மறைக்கப்பட்டான். நாளை தங்கவயலில் அருங்காட்சியகம் ஒன்று எழலாம். அதில் ஆங்கிலேயரின் தேநீர்க் கோப்பை கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்து, நம் அப்பாவின் சட்டியும் விளக்கும் இல்லாமல் போனால், அந்தக் குற்றத்தில் இன்று எழுதாமல் இருந்த நமக்கும் பங்கு உண்டு.

சென்னைத் தோழர்களுக்கு இது புதிதல்ல. பெரம்பூரின் பக்கிங்ஹாம் கர்நாடிக் மில்லில் உழைத்தவர்களைக் கொண்டு 1918 ஏப்ரலில் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. திரு.வி.க.வும் வாடியாவும் நின்று பேசிய மண் அது. இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கத்துக்கு உயிர் கொடுத்த அந்த மில் 1996-ல் மூடப்பட்டது. பிறகு சினிமா படப்பிடிப்புக்கு வாடகைத் தளமானது. பிறகு இடிக்கப்பட்டு அடுக்குமாடி வளாகம் எழுந்தது. எந்தக் கூடத்தில் எந்தத் தறி நின்றது என்று இன்று யார் காட்டுவார்? அந்த நிலை நமக்கு வர விடக்கூடாது.

சில தோழர்கள் கேட்கிறார்கள். லைன் வீடுகளுக்குப் பட்டா இன்னும் வரவில்லை, பிள்ளைகளுக்கு வேலை இல்லை, தினமும் ரயிலில் தொங்கிக்கொண்டு போகிறோம், இந்த நேரத்தில் இடிந்த கட்டடத்தைப் பற்றி எழுதி என்ன பயன்? நியாயமான கேள்வி. பசியிலிருந்து வரும் கேள்வி. அதற்கு நேரே பதில் சொல்கிறோம்.

பட்டா கேட்டுப் போகும்போது, இந்த லைன் எப்போது போடப்பட்டது, எந்த ஷாஃப்ட்டின் ஆட்களுக்குப் போடப்பட்டது, நம் குடும்பம் எத்தனை தலைமுறையாக இங்கே இருக்கிறது என்று அதிகாரி கேட்பார். வாயால் சொன்னால் கேட்டுக்கொள்வார். எழுத்தாகவும் படமாகவும் வரைபடமாகவும் மேசையில் வைத்தால் அதைப் பதில் எழுதாமல் ஒதுக்க முடியாது. சயனைடு மண்ணை அள்ள வரும் கம்பெனியிடம் தூசிக்குத் தடுப்பு கேட்கும்போது, எந்தத் தொட்டியிலிருந்து எந்த மேட்டுக்கு எது கொட்டப்பட்டது, மழைநீர் எந்த ஓடையில் போய்ச் சேர்ந்தது என்று சொல்லத் தெரிந்த ஊருக்கே பேரம் பேசும் வலு உண்டு. சிலிக்கோசிஸ் பாதித்தவர் இழப்பீடு கேட்கும்போது, எந்தப் பிரிவில், எந்த மில்லில், எத்தனை ஆண்டு தூசியில் நின்றார் என்பதே வழக்கின் உயிர். நாளை இங்கே தொழில் வந்தாலும், இந்த மண்ணின் திறமையை அறிந்தவர்கள் நாங்கள் என்று சொல்லிப் பிள்ளைகளுக்கு இடம் கேட்க இந்தப் பதிவு துணை நிற்கும். வீட்டுரிமைப் போராட்டத்துக்கும் இந்த வேலைக்கும் நடுவே சுவர் எழுப்பாதீர்கள். இது அதே போராட்டத்தின் சாட்சிப் பத்திரம்.

வேறு சிலர், எல்லாம் கம்பெனிப் பதிவேட்டில் இருக்கிறது என்கிறார்கள். பதிவேட்டில் டன் கணக்கு இருக்கும், அவுன்ஸ் கணக்கு இருக்கும். ஏர் பிளாஸ்ட் என்று நாம் சொல்லும் பாறை வெடிப்பு நடந்த அன்று மேலே நின்ற கூட்டம் எந்த வாசலில் கதறியது என்று இருக்காது. பாறை வெடித்துச் சிதறிய சத்தம் கேட்டு, முந்தானையைக் கூடச் சரிசெய்யாமல் ஷாஃப்ட்டை நோக்கி ஓடிய தாய்மார்கள் கேட்டின் எந்தப் பக்கம் தடுத்து நிறுத்தப்பட்டார்கள் என்று இருக்காது. அதை அவர்கள்தான் சொல்ல முடியும். ஆகவே கேள்வியோடு போகும்போது ஆண்களிடம் மட்டும் போகாதீர்கள். அம்மாக்களிடமும் பாட்டிகளிடமும் போங்கள்.

இனி வேலை முறை. கவனமாகக் கேளுங்கள்.

முதல் விதி உயிர். எந்த ஷாஃப்ட்டுக்குள்ளும், எந்தச் சுரங்க வழிக்குள்ளும் யாரும் இறங்கக்கூடாது. ஒரு அடி கூட. பம்புகள் நின்றதும் கீழே தண்ணீர் ஏறிவிட்டது; மூச்சுக்கு உதவாத காற்று தேங்கி நிற்கிறது; தங்கத் துகளுக்கும் பழைய இரும்புக்கும் இறங்கியவர்கள் பிணமாக வந்திருக்கிறார்கள். ஷாஃப்ட் வாயைச் சுற்றியுள்ள மண் எந்த நேரமும் உள்வாங்கலாம். வேலிக்கு வெளியே நின்றே பாருங்கள். கூரை தொங்கும் கட்டடத்துக்குள் போக வேண்டாம், வாசலிலிருந்து படமெடுத்தால் போதும். பழைய ஆலைத் தரையில் எதையும் தொட்டு முகராதீர்கள். சயனைடும் பாதரசமும் புழங்கிய இடம் அது. தூசியில் முகக்கவசம் அணியுங்கள். தனியாகப் போகாதீர்கள். மூன்று பேருக்குக் குறையாமல், பகல் வெளிச்சத்தில், வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள்.

இரண்டாவது விதி அனுமதி. நிலமும் கட்டடமும் அரசு நிறுவனத்தின் பேரில் இருக்கின்றன. கடிதம் எழுதி, கையெழுத்துத் திரட்டி, அனுமதி கேட்டு நுழைவோம். அனுமதி வரும்வரை சாலையிலிருந்தே செய்ய நிறைய வேலை இருக்கிறது. திருட்டுத்தனமாக நுழைந்தால் நம்மையும் இரும்புத் திருடரையும் ஒரே பட்டியலில் சேர்த்துவிடுவார்கள். நம் அப்பாக்கள் கட்டிய இடத்துக்குள் தலை நிமிர்ந்து நுழைவோம்.

மூன்றாவது விதி கைசுத்தம். ஒரு ஆணி, ஒரு ஓடு, ஒரு பலகை கூட எடுக்கக்கூடாது. எடுத்தால் அது வெறும் துண்டு. இடத்தில் இருக்கும்வரைதான் அது சாட்சி. சுவரில் பெயர் கிறுக்காதீர்கள்.

நான்காவது விதி மரியாதை. பெரியவரைச் சந்திக்கும்போது போனை நீட்டி உடனே பதிவு செய்யாதீர்கள். உட்காருங்கள், பேசுங்கள், சம்மதம் கேளுங்கள். அவர் வேண்டாம் என்று சொன்ன பகுதியை வெளியிடாதீர்கள். முடிந்தால் அவரையே கட்டடத்தின் முன்னால் கைத்தாங்கலாக அழைத்துவந்து நிறுத்துங்கள். வீட்டில் மறந்துபோனது அங்கே நினைவுக்கு வரும்.

ஒவ்வொரு கட்டடத்துக்கும் ஒரு தாள் போதும். ஊர் வழங்கும் பெயர், கம்பெனி வைத்த பெயர், இரண்டும் வேண்டும். எந்த இடம், எதன் பக்கத்தில், எந்தத் திசை பார்த்து நிற்கிறது என்று எழுதுங்கள். உள்ளே என்ன இயந்திரம் இருந்தது, எது எங்கே நின்றது என்று கையால் ஒரு படம் வரையுங்கள். எத்தனை பேர், எத்தனை ஷிப்ட், என்ன கூலி, எந்தக் கருவி, எந்த ஆபத்து, என்ன பாட்டு, என்ன சாப்பாடு என்று கேளுங்கள். சுரங்கம் மூடிய பின் அந்தக் கட்டடம் எதற்கெல்லாம் பயன்பட்டது, எது எப்போது காணாமல் போனது என்றும் கேளுங்கள். நான்கு பக்கமும் படம் எடுங்கள். சொன்னவர் பெயரை, அவர் சம்மதித்தால், தாளின் தலையில் எழுதுங்கள். இருவர் மாற்றிச் சொன்னால் இருவர் சொன்னதையும் எழுதுங்கள்; யார் சரி என்று தீர்ப்புச் சொல்ல அவசரப்படாதீர்கள். தாளை மூன்று படியாக எடுத்து மூன்று வீடுகளில் வையுங்கள். ஒன்று தமிழில் இருக்கட்டும், ஒன்று கன்னடத்தில் போகட்டும். அரசுக்குப் போக வேண்டிய மொழி அது, நம்மோடு வாழும் அயலாரின் மொழியும் அது.

கல்லூரித் தோழர்களே, படம் எடுப்பதும் வரைபடம் தயாரிப்பதும் உங்கள் வேலை. ஆசிரியர்களே, வரலாற்றுப் பாடத்தை ஒரு நாள் உரிகம் மில் வாசலில் நடத்துங்கள். பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் தம்பி தங்கைகளே, இந்தத் தாள்களை யாரும் அழிக்க முடியாதபடி சேமித்து வைக்கும் வழியைச் செய்து கொடுங்கள். சங்கத் தோழர்களே, உங்கள் பழைய பெட்டிகளைத் திறந்து நோட்டீஸ், ரசீது, கூட்டப் படம் எல்லாவற்றையும் வெளியே எடுங்கள். வெளியூர் உறவுகளே, உங்கள் வீட்டு டிரங்குப் பெட்டியில் அப்பாவின் அடையாள அட்டையோ சம்பளச் சீட்டோ இருந்தால் படமெடுத்து அனுப்புங்கள். பெரியவர்களே, உங்களிடம் கை கூப்பிக் கேட்கிறோம்: எனக்கு என்ன தெரியும் என்று சொல்லாதீர்கள். உங்களுக்குத் தெரிந்தது வேறு யாருக்கும் தெரியாது.

லைனுக்கு ஒரு குழு. குழுவுக்கு ஐந்து பேர். ஒரு குழு ஒரு கட்டடத்தைத் தத்தெடுக்கட்டும். வருகிற ஞாயிற்றுக்கிழமை காலையில், உங்கள் லைனுக்கு மிக அருகில் நிற்கும் சுரங்கக் கட்டடத்தின் முன் கூடுங்கள். வரும்போது ஒரு நோட்டு, ஒரு பேனா, அந்தக் கட்டடத்தில் வேலை செய்த ஒருவர். இந்த மூன்றும் இருந்தால் வேலை தொடங்கிவிடும். அன்று மாலைக்குள் ஒரு தாள் நிறைந்துவிட வேண்டும். அடுத்த ஞாயிறு அடுத்த கட்டடம். மழைக்காலம் வருமுன் ஒவ்வொரு லைனும் தன் கையெழுத்தில் தன் கணக்கைக் கொடுக்கட்டும்.

தோழர்களே, மண்ணுக்கடியில் மூன்று கிலோமீட்டர் இறங்கிப் பாறையைப் பிளந்தவர்களின் வாரிசுகள் நாம். மண்ணுக்கு மேல் நிற்கும் சுவருக்குச் சாட்சி சொல்ல நமக்குப் பயமென்ன, தயக்கமென்ன? ஞாயிற்றுக்கிழமை வாருங்கள். பெரியவரைக் கையைப் பிடித்து அழைத்து வாருங்கள். எழுதுவோம், சேர்ப்போம், அரசின் மேசையில் கொண்டுபோய் வைப்போம்!